இல்பொருள் ஓவியம்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டிலே நப்பண்ணனார் நமக்கு ஒரு சித்திர மண்டபத்தைக் காட்டுகிறார். திருப்பரங்குன்றம் ஏறிய மதுரை மாந்தர், முருகன் கோயிலை அடுத்து எழுதப்பெற்றிருந்த ஓவியங்களைக் கூட்டங் கூட்டமாக நின்று பார்க்கின்றனர். இவன் யார், இவள் யார் என்று சிலர் வினவுகின்றனர். இவன் காமன், இவள் இரதி என்று அறிந்தோர் விடை சொல்கின்றனர். இன்னோரிடத்தில், இந்தப் பூனைதான் இந்திரன், இவள் அகலிகை, சினந்து வருகின்ற இவர் கௌதமர், கல்லாகிக் கிடக்கின்ற நிலை இது என்று ஒருவர் கதையையே விரித்து உரைக்கின்றார்.

இப்பாடலை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். பூசை என்பது பூனையைக் குறிக்கும் பழஞ்சொல் என்று பொருள் எழுதுவிப்பேன். அவர்களும் எழுதிக்கொள்வர். அவ்வளவுடன் பாடம் நகர்ந்துவிடும். ஆனால் அந்தப் பூனையை ஓவியன் எவ்வாறு எழுதியிருப்பான் என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. சுவரில் எழுதிய பூனை பூனைதானே? அதனுள்ளே அஞ்சி ஒடுங்கிய ஒரு தேவர்கோன் இருக்கிறான் என்பதை அவன் எதனாலே காட்டினான்? கண்ணாலா, வாலாலா, நிற்கும் நிலையாலா? நூலில் விடையில்லை. இந்த வினா எனக்குத் தோன்றிய இடமும் வகுப்பறையன்று. சென்னைக்குத் தெற்கே, கடற்கரையோரத்து ஓவியக் கூடம் ஒன்றிலேதான் அது தோன்றியது.

உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றின் பொருட்டுத் திருவான்மியூருக்குச் சென்றிருந்தேன். மணம் முடிந்த மறுநாள் பொழுது போகவில்லை. மருமகன் முறையான இளைஞர் ஒருவர், “மாமா, சோழமண்டலம் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். சோழமண்டலம் என்றதும் எனக்குத் தஞ்சையும் காவிரியும் நினைவுக்கு வந்தன. அவரோ மாமல்லபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் ஈஞ்சம்பாக்கம் என்னுமிடத்தில் என்னை இறக்கினார். ஓவியரும் சிற்பியரும் தாமே நிலம் வாங்கி, தாமே வீடு கட்டிக் குடியேறிய ஊர் அது. 1966ஆம் ஆண்டிலே தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் கே. சி. எஸ். பணிக்கர், அப்பொழுது சென்னை அரசினர் ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்தவர். ஓவியம் விற்று உண்ண முடியாத காலம் அது. ஆகவே அவருடைய மாணவர்கள் துணியிலே பத்திக் வேலை செய்து விற்று, அந்தப் பணத்தைத் திரட்டி மணற்காட்டை வாங்கினார்கள். கைத்தொழில் வயிற்றைக் காக்க, ஓவியம் எவர் தயவையும் வேண்டாது தன்போக்கில் வளர்ந்தது. தமிழ்ப் புலவர்களாகிய நாம் இப்படி ஓர் ஊர் கண்டதில்லை. நமக்கு வாய்த்தது சங்கமும் சங்கத்துக்குள் பிணக்குமே.

மணலும் சவுக்கும் உப்புக்காற்றும் எனக்குப் புதியனவல்ல. உடப்புக்கும் முந்தலுக்கும் இடைப்பட்ட கரையிலே ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக வாழ்கிறவன் நான். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டைக் கேட்டுக் கேட்டு யாப்பின் ஓசையை அறிந்தவன். அந்த ஓவியர் ஊருக்குள் நுழைந்தபோது நம் ஊர்த் தென்னந்தோப்பொன்றில் நுழைந்தது போன்றே இருந்தது. கூடத்தினுள் நுழைந்த பின்னர்தான் இடர்ப்பாடு தொடங்கிற்று.

முதலிலே பணிக்கருடைய ஓவியங்கள். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று பெயரிட்டு 1963 தொடங்கி அவர் தீட்டிய வரிசையைச் சேர்ந்தவை. தூரத்தே நின்று பார்த்தபோது பழஞ்சுவடி ஒன்றை விரித்து வைத்தது போலிருந்தது. சாதகக் கட்டங்கள் தெரிந்தன; கணக்குக் குறிகள் தெரிந்தன; இடையிடையே நெருக்கமான எழுத்து வரிகள். ஏட்டுச் சுவடி படித்துப் பழகியவன் அல்லனோ? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அருகே போனேன். மலையாள எழுத்துப் போலிருந்தது, மலையாளம் அன்று. கிரந்தமாகலாமென்று இன்னோர் வரியைப் பார்த்தேன், கிரந்தமும் அன்று. கால் மணி நேரம் முயன்ற பின்னரே, அவை எழுத்துப்போலத் தோன்றும் எழுத்தல்லாதவை என்று அறிந்தேன். அருகில் நின்ற மருமகனார் வாயைப் பொத்திச் சிரித்ததை நான் பார்க்காதது போல் இருந்துகொண்டேன்.

ஒளிவு மறைவின்றிச் சொன்னால், அந்த ஓவியங்கள் இன்றும் எனக்கு உடன்பாடல்ல. எழுத்து என்பது ஒலிக்கு வடிவு. ஒலியற்ற எழுத்தைக் காணும்போது, பேச வாய் திறந்து ஓசை வராதவனைக் காண்பது போன்ற துன்பம் எனக்கு உண்டாகிறது. அந்த உணர்ச்சியைத்தான் அவர் விரும்பினாரோ என்னவோ. அறிஞர்கள் அவற்றைப் புகழ்ந்துரைத்திருக்கிறார்கள். அவர்களோடு வாதிட எனக்குத் தகுதியில்லை.

அப்பால் நகர்ந்தபோதுதான் கே. இராமானுஜத்தின் படங்களுக்கு முன்னே வந்து நின்றேன்.

வெள்ளைத்தாளில் கறுப்பு மை; பேனாக் கீறல்கள்; வேறொன்றுமில்லை. ஆனால் அந்தக் கீறல்களுக்குள்ளே ஒரு நகரமே இருந்தது. மாடங்கள் மேல் மாடங்கள், தோரண வாயில்கள், படமெடுத்த பாம்புகள், சிறகு பெற்ற உருவங்கள், எந்த விலங்கென்று பெயர் சொல்ல முடியாத ஊர்திகள், அணிகலன் பூண்ட மகளிர். இவற்றுக்கு நடுவே தொப்பியணிந்த ஆடவர் ஒருவர். வானுலகத்தார் எல்லாம் முடிசூடியிருக்க, இவர் மட்டும் நகரத்துக் கடையிலே வாங்கியது போன்ற ஒரு தொப்பியோடு காணப்படுகிறார். அது ஓவியரே என்று மருமகனார் சொன்னார். தம்மைத் தம் கனவுக்குள்ளே அவர் மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டார்.

இராமானுஜம் சென்னையிலே பிறந்தவர். பேச்சு அவருக்கு எளிதில் வராது, நாத் தடுமாறும். மனத்திலும் நோயுண்டு. பிறரோடு கலந்து பழக இயலாமையால் தனித்தே வாழ்ந்தார். ஓவியக் கல்லூரியில் அவருடைய திறத்தை உணர்ந்து, மையும் பேனாவும் கொண்டு அவர் போக்கிலே வரைய விட்டவர் பணிக்கர். ஆசிரியர் ஒருவர் செய்யக்கூடிய பெருஞ்செயல் சிலபோது இவ்வளவுதான், விட்டுவிடுதல். சோழமண்டலம் உண்டானபோது இராமானுஜமும் அங்கே குடியேறினார். சென்னைக் கன்னிமாரா ஹோட்டலின் சுவருக்கென்று பெரியதோர் ஓவியமும் தீட்டினார். 1973ஆம் ஆண்டு, முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இவையெல்லாம் மருமகனார் சொல்லியும் பின்னர் படித்தும் அறிந்தவை. படத்தின் முன்னே நின்றபோது எனக்குத் தெரிந்தது அந்தக் கீறல்களின் பொறுமையே. நிழல் வேண்டிய இடத்திலே அவர் மையைப் பூசிவிடவில்லை. ஒரு கோட்டின்மேல் குறுக்கே ஒரு கோடு, அதன்மேல் சாய்வாக இன்னொரு கோடு என்று ஆயிரக்கணக்கில் இழைத்து, பாய் பின்னுவாரைப்போல நிழலைப் பின்னியிருக்கிறார். கோடு நெருங்கிய இடம் இருள். அகன்ற இடம் அந்தி. கோடே இல்லாத தாளின் வெண்மைதான் விளக்கொளி. கனவு கண்டவன் அவசரப்பட்டு எழுதியதன்று இது. இந்த வேலைக்கு நாட்கணக்கிலே ஒரே இடத்தில் குனிந்திருக்க வேண்டும். கட்டுப்பாடின்றி ஓடும் உள்ளத்தின் படைப்பு என்று நம்மவர் இத்தகைய ஓவியங்களைப் பேசுகிறார்கள். நான் கண்டது அதற்கு மாறானது.

குறையும் சொல்லவேண்டும். அணி மிகுந்து சில இடங்களில் மூச்சு முட்டுகிறது. ஒரே வாயில், ஒரே பாம்பு, ஒரே மங்கை திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தாதி பாடுகிறவன் நூறு முடிக்கவேண்டுமென்று பாடிய பாடல்கள் போலச் சில மூலைகள் இருக்கின்றன. இருப்பினும் அந்தத் தொப்பிக்காரர் கண்ணிற்படும்போது குறை மறந்து போகிறது.

இல்லாத பொருளை எழுதுவது தமிழுக்குப் புதியதா? தண்டியலங்காரம் இதற்கென்றே அபூத உவமை என்று ஒரு வகை வகுத்தது. இல்பொருளுவமை என்பதும் அதுவே. கரிய கடலின் மேலே பொன்மலையொன்று மிதந்து வந்தாற்போல என்று சொன்னால், அப்படி ஒரு மலையை எவரும் கண்டதில்லை. ஆனால் கடலையும் கண்டிருக்கிறோம், பொன்னையும் கண்டிருக்கிறோம், மலையையும் கண்டிருக்கிறோம். இல்லாதது அவற்றின் கூட்டம் மட்டுமே. கோயில் தூண்களிலே பாய்ந்து நிற்கும் யாளிக்கும் இதுவே இலக்கணம். சிங்கத்தின் உடல், யானையின் துதிக்கை. இசைக்கு மயங்கும் அசுணமும், நிலவை உண்ணும் சகோரமும், ஓருடலில் இருதலை கொண்ட பறவையும் நம் நூல்களிலே உலவுகின்றன. முன்னேசுவரத்து ஆவணித் திருவிழாவிலே வாகனங்கள் புறப்படும்போது, சிறு பிள்ளைகூட இப்படி ஒரு மிருகம் எந்தக் காட்டில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

தொல்காப்பியர் உலகியல் வழக்கு என்றும் நாடக வழக்கு என்றும் இரண்டைச் சொல்லி, அவ்விரண்டாலும் பாடல் அமைவதாகக் கூறினார். தனித்த உலகியலும் போதாது. தனித்த நாடகமும் போதாது என்பது உரைகளிலே நாம் கற்ற பொருள். இராமானுஜத்தின் தொப்பி உலகியல். அதைச் சூழ்ந்த மாளிகை நாடகம். தொப்பியை எடுத்துவிட்டால் அது வெறும் பழைய புராணப் படக்காட்சி ஆகிவிடும். அந்த ஒரு தொப்பியாலேதான் அது ஒரு மனிதனுடைய வாழ்வாகிறது. அகலிகையின் அருகே நின்ற பூனையும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்க வேண்டுமென்று எனக்கு அப்பொழுது தோன்றியது. மதுரையிலே எவர் வீட்டு அடுக்களையிலும் காணக்கூடிய, பால்சட்டியை உருட்டிவிட்டு அகப்பட்டுக்கொண்ட ஒரு பூனையாக அது இருந்திருக்கும். அதனாலேதான் பார்த்தவர்கள் இந்திரனை அறிந்துகொண்டார்கள்.

கூடத்திலே அன்று கல்லூரி மாணவர் பலர் இருந்தனர். படத்துக்கு முதுகு காட்டி நின்று கைத்தொலைபேசியிலே தம்மைப் பிடித்துக்கொண்டனர். சிலர் இது என்ன, அது யார் என்று தம்முள்ளே வினவினர். பரங்குன்றத்துக் கூட்டம் இன்றும் மாறவில்லை என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் பழந்தமிழிலே இன்னொருவரும் ஓவியம் பார்த்திருக்கிறார். நெடுநல்வாடையின் அரசி. கட்டிலின் மேல்விதானத்திலே மேடம் முதலாகிய இராசிகளோடு திங்களும் உரோகிணியும் எழுதப்பட்டிருக்கின்றன. பாசறையிலிருக்கும் கணவனை நினைந்து படுத்திருக்கும் அவள், திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியை நிமிர்ந்து நோக்குகிறாள். எவரையும் எதுவும் கேட்கவில்லை. நெடுமூச்சு எறிகிறாள், அவ்வளவே.

அன்று நானும் எதுவும் கேட்கவில்லை. காரணம் வேறு. அந்தப் படங்களை நான் முன்பே பார்த்திருந்தேன்.

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே வடமாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரிழந்தனர். மன்னார்த் தீவிலிருந்தோர் பலர் தோணிகளில் ஏறிக் கடல்வழியே கற்பிட்டிக் கரைக்கு வந்தனர். புத்தளம் மாவட்டமெங்கும் கிடுகு வேய்ந்த முகாம்கள் எழுந்தன. நான் ஆசிரியனாகி இரண்டொரு ஆண்டுகள் கழிந்தபின் படிப்பித்த பள்ளியொன்றில் மாணவரில் பாதிப்பேர் அம்முகாம்களிலிருந்து வந்தவர்கள். 1996ஆம் ஆண்டு, ஏழாம் வகுப்புக்கு ‘எனது வீடு’ என்ற தலைப்பிலே கட்டுரை எழுதக் கொடுத்தேன். முகாமிலே இருக்கிற பிள்ளையிடம் இந்தத் தலைப்பைக் கொடுக்கலாமா என்று எண்ணிப் பார்க்கும் பக்குவம் எனக்கு இருக்கவில்லை.

ஒரு சிறுவன் மூன்று வரி எழுதியிருந்தான். மீதிப் பக்கம் முழுவதும் பேனாவால் ஒரு படம். ஓடு வேய்ந்த வீடு ஒன்று. அதற்கு இரு பக்கமும் சிறகுகள். கீழே மீனின் செட்டைகளும் வாலும். கூரையின் மேலே சேவலொன்று நின்றது. முற்றத்துப் பனைமரம் வேரோடு வீட்டுடனே பறந்தது. ஓட்டின் ஒவ்வொரு வளைவையும் அவன் தனித்தனியே கீறியிருந்தான். வாசற்படியிலே இரண்டு சோடிச் செருப்பு.

அவனை எழுப்பி நிறுத்தி, கொப்பியை வகுப்புக்குத் தூக்கிக் காட்டினேன். “இது என்ன?” என்று கேட்டேன். அவனுக்குத் திக்குவாய். “வீ… வீ…” என்று தொடங்கினான். வகுப்புச் சிரித்தது. அவன் அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்கும் வரை நான் காத்திருக்கவில்லை. சிவப்பு மையினாலே ஒரு சைபர் போட்டு, அதன்கீழே ‘பொய் எழுதற்க’ என்று வியங்கோளிலே எழுதிக் கையெழுத்தும் இட்டேன். அபூத உவமையை மேல்வகுப்பார்க்கு உதாரணத்தோடு விளக்கிய அதே வாரத்திலே இதைச் செய்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அவன் மறு ஆண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டான். பின்னர் நான் அவனை நினைத்ததாக நினைவில்லை.

பறக்கும் வீடுகளைப் பற்றி மேனாட்டார் நிறைய எழுதியிருக்கிறார்கள். மார்க் ஷகால் என்னும் யூத ஓவியர், தாம் பிறந்த வித்தெப்ஸ்க் நகரத்துக் கூரைகளின் மேலே காதலர் பறப்பதாகத் தீட்டினார். பிறந்த மண்ணை விட்டுப் பிரான்சிலே நெடுங்காலம் வாழ்ந்து, 1985ஆம் ஆண்டு தொண்ணூற்றேழாம் வயதில் இறந்தவர். ஊரை விட்டுப் போன பிறகும் அந்த மரவீடுகளும் சேவலும் ஆடும் அவர் தூரிகையை விட்டுப் போகவில்லை. அவருடைய படங்களின் அச்சுப் பிரதிகளை நூல்நிலையத்திலே பார்த்து நானும் வியந்திருக்கிறேன். வித்தெப்ஸ்க் நகரத்துச் சேவல் எனக்கு விளங்கிற்று. மன்னார்ச் சேவல் விளங்கவில்லை.

ஈஞ்சம்பாக்கத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை. படங்கள் பிடிக்கவில்லை போலும் என்று மருமகனார் வருந்தினார். அவருக்கு என்னால் விளக்கவும் முடியவில்லை. சொல்லை முதலாகக் கொண்டு பிழைப்பவனுக்கு முதலெழுத்திலேயே நின்றுவிட்ட அந்தப் பிள்ளையின் நிலை அன்றுதான் வாய்த்தது.

ஊருக்கு வந்ததும் புத்தளம் நகரிலே கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் இரண்டு நாளிலே இலக்கத்தைத் தேடிக் கொடுத்தார். அவன், இல்லை, நாற்பதைக் கடந்தவரை அவன் என்பது தகாது, அவர் கத்தாரிலே பாரவண்டி ஓட்டுகிறார். பிள்ளைகள் மூவர். தொலைபேசியில் என் பெயரைச் சொன்னதும், “சேர், நீங்களா?” என்றார். திக்கல் இன்னும் இருக்கிறது. இம்முறை நான் காத்திருந்தேன். அவர் சொல்லி முடிக்கும்போது எனக்குத்தான் வார்த்தை வரவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தடுமாறினேன். “ஏழாம் வகுப்பிலே ஒரு வீடு கீறினீரே…” என்றேன்.

“ஓம் சேர். கொப்பி இருக்கு. உம்மா வச்சிருக்கா. நீங்க போட்ட சைபரும் இருக்கு” என்று சொல்லிச் சிரித்தார். அதிலே குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சிறகு எனக்கு விளங்குகிறது, மீனின் வால் எதற்கு என்று கேட்டேன். அவர் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

“நாங்க தோணியில வந்தம் சேர். காத்துப் பலமா அடிச்சது. வீடு எங்களுக்குப் பின்னால வாறதெண்டா அதுக்கு நீந்தவும் தெரியோணுமே.”

இப்பொழுதும் கீறுவதுண்டா என்று கேட்டேன். நேரமில்லை என்றார். பின்னர், மூத்த மகள் கீறுகிறாள் என்றும், ஆசிரியர்கள் ஏசுகிறார்கள் என்றும் சொன்னார். எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை.

போர் முடிந்த பின்னர் அவருடைய உறவினர் சிலர் மன்னாருக்குத் திரும்பியிருக்கிறார்கள். தாயார் பாலாவிப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். அவருடனும் பேசினேன். கொப்பி பெட்டியின் அடியில், பழைய காணி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறதாம். வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த பிறகு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.